சேசிங் கோரல்: அந்த ஊதா நிறம் யாருக்காக?

2016 மே மாதம் மாலத்தீவில், ஸ்நார்க்கல் குழாயைக் கடித்துக்கொண்டு மிதந்தபோது எடுத்த போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆளுயர ஆழம்கூட இல்லை. மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், உள்ளே டியூப்லைட் போட்டதுபோல ஊதாவாக மின்னுகிறது. கிளைகளுக்கு நடுவே சின்னச் சின்ன பச்சை மீன்கள் எட்டிப் பார்க்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "செம கலர் மாப்ள" என்றான் அத்தை பையன். எனக்கும் பெருமைதான்.

அடுத்த வருடம் நெட்ஃபிளிக்ஸில் ஜெஃப் ஆர்லோவ்ஸ்கியின் 'சேசிங் கோரல்' ஆவணப்படம் வந்தது. நியூ கலிடோனியா காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு, போனில் என் போட்டோவைத் தேடினேன். அதே மின்னல். கடல் சூடு தாங்காமல் தவிக்கிற பவளம் அது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. கோடை உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பாசி வெளியேறிவிடும். பெரும்பாலும் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். சில பவளங்கள் மட்டும் இப்படி மின்னும்.

படத்தின் உயிர் என்று நான் நினைப்பது லிசார்ட் தீவுப் பகுதி. தானியங்கி கேமராக்கள் ஃபோகஸ் போய்ச் சொதப்ப, ஆட்களே தினமும் கடலில் இறங்கி, அதே பவளத்தை அதே கோணத்தில் எடுக்கிறார்கள். ஆட்டோமேஷன் காலைவாரி, ராத்திரி முழுக்கக் கையால் லாக் பார்த்த எந்த எஞ்சினியருக்கும் அந்த அலுப்பு புரியும். படத்தை நான் நம்பியது அதனால்தான்.

என் புகார் அந்த மின்னும் காட்சி மேல். சன்ஸ்க்ரீன் மாதிரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பவளம் நம்மைப் பார்த்துக் கெஞ்சுகிறது என்ற இடத்துக்குப் படம் தாவிவிடுகிறது. இசையும் சேர்ந்துகொள்ள, நமக்குத் தொண்டை அடைக்கிறது. 2020-ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரண்ட் பயாலஜி இதழில் எழுதியது வேற கதை. பாசி போனதும் வெளிச்சம் வெள்ளை எலும்பில் பட்டுத் திரும்பி, திசுவுக்குள் அதிகமாகிறது. அந்த வெளிச்சமே நிறமியைத் தூண்டுகிறது. நிறமி நிழல் தர, பாசி திரும்பிவரத் தோதாகிறது. பாசி நிறைந்ததும் வெளிச்சம் குறையும், நிறமியும் குறையும். அசல் ஃபீட்பேக் லூப். சூடு மிதமாகவோ கொஞ்ச நாள் மட்டுமோ இருந்த இடங்களில்தான் இது அதிகம் தெரிகிறதாம். அதற்காக மின்னுவதெல்லாம் பிழைக்கும் என்று அர்த்தமில்லை.

2017 படத்தை 2020 ஆய்வை வைத்துக் குட்டுவது நியாயமில்லைதான். ஆனாலும் நம்மைக் கூப்பிடுகிறது என்று சொன்ன நேரத்தில், அது தனக்கு என்ன செய்துகொள்கிறது என்று இன்னும் ரெண்டு நிமிஷம் காட்டியிருக்கலாம். மூன்று வருஷம் அந்த போட்டோவை ஒரு இரங்கல் அறிவிப்பு மாதிரி வைத்திருந்தேன்.

என் ஊதாப் பவளம் பிழைத்ததா? அந்தப் பச்சை மீன்களுக்கு வீடு மிஞ்சியதா? அதைச் சொல்ல, அதே இடத்தில் எடுத்த இரண்டாவது போட்டோ வேண்டும். மறுநாள் காலை நாங்கள் ஆமை பார்க்க தீவின் அடுத்த பக்கம் போய்விட்டோம்.