கிளமென்டைன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்

'தி வாக்கிங் டெட்' கேமின் முதல் எபிசோடில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யோசிக்கச் சில நொடிகள்தான். நான் கார்லியைக் காப்பாற்றினேன். மூன்றாவது எபிசோடில் லில்லி அவளைச் சுட்டுக் கொன்றுவிடுகிறாள். டக்கைக் காப்பாற்றியிருந்தாலும் அதே எபிசோடில், லில்லியின் குண்டுக்குத்தான் பலி. "அப்புறம் எதுக்குய்யா எங்ககிட்ட கேட்டீங்க?" டெல்டேல் கேம்ஸ் மேல் கடைசிவரை இருந்த புகார் இதுதான்.

எனக்கு இந்தப் புகாரில் உடன்பாடில்லை. அந்த விளையாட்டில் நாம் லீ என்ற கைதி. கூடவே எட்டு வயதுக் கிளமென்டைன். நாம் சொல்லும் பொய்யை, செய்யும் கொலையை அவள் பார்க்கிறாள். அதை அவள் மறக்க மாட்டாள் என்று திரை மூலையில் ஒரு வரி வந்து போகும். கதை மாறாது, சரி. ஆனால் ஒரு குழந்தை முன்னால் நாம் யாராக நடந்துகொண்டோம் என்பது மாறும். அதுதானே விஷயம்!

லூகாஸ்ஆர்ட்ஸிலிருந்து வெளியேறியவர்கள் 2004இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஸ்டுடியோ இது. 2012இல் வந்த இந்த வெற்றிக்குப் பிறகு கேம் ஆஃப் த்ரோன்ஸ், மைன்கிராஃப்ட், பேட்மேன் என்று அடுத்தவர் உலகங்களை வரிசையாக வாங்கிப் போட்டார்கள். மூலையில் வரும் வரியை மட்டும் எல்லாவற்றிலும் ஒட்டினார்கள். பார்க்கும் கண்களை விட்டுவிட்டார்கள். யாரோ ஒரு பிரபு நினைவில் வைத்துக்கொண்டால் எனக்கென்ன? 'டேல்ஸ் ஃப்ரம் தி பார்டர்லேண்ட்ஸ்' தப்பித்ததற்குக் காரணம், அதில் இரண்டு புளுகர்கள் தங்கள் கதையை முகமூடிக்காரன் ஒருவனிடம் சொல்கிறார்கள். அங்கே கேட்க ஆள் இருக்கிறது.

2017இல் 90 பேரை அனுப்பினார்கள். 2018 செப்டம்பர் 21 அன்று சுமார் 250 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. இழப்பீட்டுத் தொகைகூட இல்லை. அப்போது கிளமென்டைனின் கடைசி சீசன் பாதியில் நின்றது. பிறகு ஸ்கைபௌண்ட் நிறுவனம் பழைய ஊழியர்களில் சிலரை அழைத்து, 2019 மார்ச்சில் அதை முடித்தது.

அந்த சீசனில் வளர்ந்துவிட்ட கிளமென்டைன்தான் நாம். ஏஜே என்ற சிறுவன் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். ஆறு வருடம் தொலைத்திருந்த வடிவத்தை அந்தக் கலைஞர்கள் மறுபடி கண்டுபிடித்திருந்தார்கள். சம்பளம் கொடுக்கத்தான் கம்பெனி இல்லை.