அலுமினியம்–சிலிக்கான் உலோகக்கலவைகளில் அருமண் தனிமங்கள்: ஒரு மதிப்பீடு

அலுமினியத்துடன் சிலிக்கான் சேர்த்த வார்ப்பு உலோகக்கலவைகள் எஞ்சின் பாகங்கள், பிஸ்டன்கள், வாகனச் சக்கரங்கள் ஆகியவற்றில் பெருமளவு பயன்படுகின்றன. இவற்றில் சிறிதளவு அருமண் தனிமம் சேர்த்தால் நுண்கட்டமைப்பு மேம்படும் என்று பல ஆய்வுக் கட்டுரைகள் கூறுகின்றன. இக்கூற்று தவறன்று. ஆனால் ‘நுண்மையாதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட விளைவுகள் கலந்துவிடுகின்றன.

சிலிக்கானின் வடிவம்

இக்கலவையின் யூட்டெக்டிக் புள்ளி ஏறத்தாழ 12.6% சிலிக்கானில், 577 °செ. வெப்பநிலையில் அமைகிறது. மெதுவாகக் குளிரும்போது சிலிக்கான் தடித்த தகடுகளாக வளர்கிறது. வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை ஊசிகள் போலத் தெரியும். விசை தாங்கும்போது விரிசல் இத்தகடுகளின் வழியே எளிதில் பரவுவதால் வார்ப்பு நீளாமல் உடைகிறது.

உருகிய கலவையைச் சோடியம் உப்புகளால் பதப்படுத்தி இக்குறையைப் போக்கும் முறைக்கு அலடார் பாட்சு 1921-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் தகடுகள் பவளம் போலக் கிளைத்த மெல்லிய இழைகளாகின்றன. இதுவே ‘உருமாற்றம்’ எனப்படுகிறது. சோடியம் உருகிய உலோகத்திலிருந்து விரைவில் வெளியேறிவிடும். எனவே இன்று ஸ்ட்ரோன்சியமே பரவலாகப் பயன்படுகிறது. எடையில் ஏறத்தாழ 0.02% சேர்த்தாலே போதும்.

சோதனை காட்டியது

நோகிட்டா, மெக்டொனால்டு, டாலே ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் அருமண் தனிமங்கள் பலவும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. யூரோப்பியம் மட்டுமே சிலிக்கானை முழுமையாக இழை வடிவுக்கு மாற்றியது. லாந்தனம், சீரியம், இட்டெர்பியம் உள்ளிட்ட மற்றவற்றில் தகடுகள் சிறுத்தன; தகடு தகடாகவே இருந்தது.

இம்முடிவு ஒரு கோட்பாட்டின் எல்லையையும் காட்டுகிறது. சேர்க்கப்படும் அணுவின் ஆரம் சிலிக்கான் அணுவின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 1.65 மடங்கு இருந்தால் படிகத்தில் இரட்டையாதல் மிகுந்து உருமாற்றம் நிகழும் என்று லூ, ஹெல்லவெல் ஆகியோர் 1987-இல் விளக்கினர். இட்டெர்பியம் இந்த அளவுக்கு மிக அருகில் உள்ளது; ஆயினும் அது இழைகளைத் தரவில்லை. ஆகவே அணுவின் அளவை மட்டும் கொண்டு விளைவை முன்கணிக்க இயலாது.

விடுபடும் கேள்விகள்

முதலாவது, சேர்க்கும் அளவு. சீரியம், லாந்தனம் போன்றவற்றை ஸ்ட்ரோன்சியத்தைவிடப் பல மடங்கு மிகுதியாகச் சேர்த்தாலே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் கிடைக்கிறது. அளவு கூடும்போது அவை அலுமினியத்துடனும் சிலிக்கானுடனும் இணைந்து கடினமான சேர்மங்களாகின்றன. இச்சேர்மங்கள் பருத்தால் அவையே விரிசல் தொடங்கும் இடங்களாகலாம்.

இரண்டாவது, குளிர்விக்கும் வேகம். எதையும் சேர்க்காவிட்டாலும் விரைவாகக் குளிர்ந்த வார்ப்பில் சிலிக்கான் நுண்மையாகும். எனவே மெல்லிய உலோக அச்சு வார்ப்பில் கண்ட பலன் தடித்த மணல் வார்ப்பில் கிடைக்கும் என்று கொள்ள முடியாது.

மூன்றாவது, மாசுகள். வணிக அலுமினியத்தில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் இருக்கும். அது உருவாக்கும் அலுமினியம் பாஸ்பைடு துகள்களின் மீது சிலிக்கான் படிகங்கள் தோன்றுகின்றன. அருமண் தனிமங்கள் பாஸ்பரஸுடனும் இணையக்கூடியவை. அதனால் மூலப்பொருளின் தூய்மையைக் குறிப்பிடாத இரு ஆய்வுகளின் முடிவுகளை ஒப்பிடுவது பொருந்தாது.

மதிப்பீடு

சிலிக்கானை உருமாற்றுவதில் சீரியமும் லாந்தனமும் ஸ்ட்ரோன்சியத்துக்கு மாற்றாகவில்லை. மாற்றாகக்கூடிய யூரோப்பியமோ விலை மிகுந்தது. அருமண் தனிமங்களின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. சீரியம் திட அலுமினியத்தில் மிகக் குறைவாகவே கரைகிறது. அது உருவாக்கும் சேர்மங்கள் சூட்டில் எளிதில் பருப்பதில்லை. எஞ்சின் பாகங்கள் உயர் வெப்பத்திலும் வலிமை இழக்காதிருக்க இப்பண்பு உதவக்கூடும். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் ‘தகடு சிறுத்ததா, இழையாக மாறியதா?’ என்பதை முதலில் நுண்ணோக்கிப் படத்தில் பார்த்து, பின்னர் சேர்த்த அளவையும் குளிர்வித்த முறையையும் நீட்சி விழுக்காட்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.