சுட்டவன் முகம்

‘பாம்பி’யைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்குப் பயம் ஒரே இடத்தில்தான்: தாய் மான் சாகும் இடம். பாம்பி என்ற மான்குட்டியைப் பற்றி 1942 ஆகஸ்டில் வெளிவந்த கார்ட்டூன் படம் இது. எண்பது ஆண்டு தாண்டியும் அந்த ஒரு காட்சியை வைத்தே வேண்டும் என்கிறார்கள், வேண்டாம் என்கிறார்கள். என் வழக்கு வேறு. அந்தச் சாவு படத்தில் சரியாகவே வந்திருக்கிறது. கோளாறு அதற்கு முன்னும் இருக்கிறது, பின்னும் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. வால்ட் டிஸ்னியின் ஓவியர்கள் உயிருள்ள மான்குட்டிகளைக் கூடத்துக்கே வரவழைத்து, அவற்றின் எலும்பும் தசையும் அசைவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். பிறந்த குட்டி எழுந்து நிற்க முயலும்போது நான்கு காலும் நான்கு திசைக்குப் போகிறதே, உறைந்த குளத்தின் மேல் வயிறு தரையில் பட வழுக்குகிறதே, அந்த அசைவுகளில் பொய் கிடையாது. ஆடு மாடு ஈன்றதைப் பார்த்து வளர்ந்த எந்தப் பிள்ளையும் அதைக் குறை சொல்லாது. பேச்சும் மிகக் குறைவு. ஆங்கிலம் தெரியாத வீட்டில் போட்டாலும் கதை ஓடிவிடும்.

பின்னணியோ, அதற்கும் ஒரு படி மேல். சீனத்தின் குவாங்டாங்கில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்த டைரஸ் வாங் என்ற ஓவியர், இலை இலையாகக் காட்டை வரைய மறுத்தார். மூட்டம், இரண்டு மூன்று அடிமரம், நடுவில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். மீதியைப் பார்ப்பவன் கண் நிரப்பிக்கொள்ளும். படத்தின் தோற்றம் முழுவதும் அவர் கண்டுபிடித்தது. ஆனால் பெயர்ப் பட்டியலில் பின்னணி ஓவியர்களில் ஒருவர் என்பதற்கு மேல் இடமில்லை. டிஸ்னி நிறுவனத்தில் 1941இல் நடந்த வேலைநிறுத்தத்தை அடுத்து அவருக்கு வேலையும் போயிற்று. 106 வயது வாழ்ந்து 2016இல் இறந்தார். பெருமை அவருக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

இனி வழக்குக்கு வருகிறேன். ஆலத்தூர் நாடு, கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் மலை. அங்கே ஒரு வீட்டில், வாசலில் பலா, பலாவில் மிளகுக்கொடி, சரிவில் மரவள்ளி, உள்ளே பிள்ளைகளோடு இந்தப் படம். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் யாரும் அழவில்லை. ஒரு சின்னப்பையன் கேட்டான்: “தாத்தா, யாரு சுட்டது?” தாத்தா திரையையே பார்த்தபடி, “ஆளக் காட்டலயே சாமி” என்றார்.

படத்தின் மேல் இதைவிட நல்ல திறனாய்வை நான் படித்ததில்லை. ‘பாம்பி’யில் மனிதன் ஒருமுறைகூடத் திரைக்கு வருவதில்லை. சத்தமாக வருகிறான், நாயாக வருகிறான், நெருப்பாக வருகிறான். கலை உத்தியாக இது பிரமாதம். காணாத பகைக்குத்தான் நடுக்கம் அதிகம். ஆனால் நகரத்தில் சினிமாக் கொட்டகையில் இருப்பவனுக்கு “மனிதன்” என்பது பொதுப் பெயர். காட்டோரம் குடியிருப்பவனுக்கு அது ஆள், ஊர், பரம்பரை. சுட்டவன் விளையாட்டுக்குச் சுட்டானா, பசிக்குச் சுட்டானா, பயிரைக் காக்கச் சுட்டானா? படம் எல்லோரையும் ஒரே தோட்டாவுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறது. காட்டில் மனிதன் இருந்தாலே காட்டுக்குக் கேடு என்ற எண்ணத்தை ஒரு பாட்டும் பாடாமல் பிள்ளை மனதில் ஊன்றிவிடுகிறது. மலைக்குடிகளைக் காட்டைவிட்டு வெளியேற்ற நினைத்த சட்டங்கள் பேசியதும் இந்த எண்ணத்தைத்தான். அவர்களுக்கு அங்கே உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள 2006 வரை ஆயிற்று.

இன்னொரு கேள்வியும் வந்தது. “அந்த ஆந்தை ஏன் முயலப் புடிக்கல?” நியாயமான கேள்வி. படத்தின் காட்டில் ஆந்தை எல்லோருக்கும் சித்தப்பா. நரி இல்லை, ஓநாய் இல்லை, ஒன்றை ஒன்று தின்பதே இல்லை. சாவு என்பது வெளியிலிருந்து, மனிதனிடமிருந்து மட்டுமே வருகிறது. மூலக்கதை அப்படி இல்லை. வியன்னாவின் ஃபெலிக்ஸ் சால்ட்டன் 1923இல் எழுதிய நாவலில் காட்டு விலங்குகள் ஒன்றையொன்று கொல்கின்றன. குளிர்காலத்தில் பசி கொல்கிறது. அதைவிட முக்கியம், கிழமான் பாம்பியை அழைத்துப்போய், இன்னொருவனால் சுடப்பட்டுக் கிடக்கும் ஒரு மனிதனின் பிணத்தைக் காட்டுகிறது. நம்மைப் போலவே அவனும் சாகிறவன்தான் என்று பாம்பிக்கு விளங்குகிறது. சால்ட்டனே வேட்டைக்காரர். யூதரான அவரது இந்தப் புத்தகத்தை 1936இல் நாஜிகள் தடை செய்தார்கள். வேட்டையாடுபவன் பக்கத்தையும் வேட்டையாடப்படுபவன் பக்கத்தையும் அறிந்தவர் எழுதிய கதையில், டிஸ்னி அந்தப் பிணத்தைத் தள்ளிவிட்டு ஒரு முயல்குட்டியை நுழைத்தார். முயல்குட்டி இனிமையானதுதான், மறுக்கவில்லை.

சாவுக்குப் பின்னால் உள்ள கோளாறு அவசரம். பனியில் குட்டி தாயைத் தேடி அலைகிறது, தந்தை மான் வந்து இரண்டு வார்த்தை சொல்கிறது, அடுத்த நொடி வசந்தம், பறவைகள் பாட்டு, காதல். துக்கத்துக்கு ஒரு நிமிடம் தரவில்லை. பிள்ளைகளைப் பயமுறுத்துவது அந்தச் சாவு என்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவர்களைத் திகைக்க வைப்பது அந்தப் பாட்டுதான். அங்கிருந்து படம் கொஞ்சம் சரிந்து, கடைசியில் வேட்டைக்காரர் கூடாரத்திலிருந்து கிளம்பும் காட்டுத்தீயில்தான் மறுபடி எழுந்து நிற்கிறது. அந்தத் தீயின் பலத்தால்தான் 1944இல் அமெரிக்க வனத்துறை பாம்பியின் படத்தைத் தன் சுவரொட்டிக்கு வாங்கிக்கொண்டது. ஓராண்டுக்கு மட்டுமே அனுமதி. அதற்குப் பின் அவர்கள் சொந்தமாக ஒரு கரடியை வரைந்துகொண்டார்கள்.

கொல்லிமலையில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பவனுக்கு, அந்த மலையை ஆண்ட சங்ககால வில்லாளி ஓரி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. செம்மேட்டில் வில்லோடு சிலையாக நிற்கிறான். ஆடிப் பதினெட்டில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டுவது ஒரே அம்பு: யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. ‘பாம்பி’யை அப்படியே தலைகீழாகப் பிடித்தது போன்ற பாட்டு. இங்கே வேட்டைக்காரனுக்கு முகம் இருக்கிறது. யாரென்று தெரியாமல் பாணர்கள் புகழ்ந்து பாட, அவன் நாணுகிறான். கொன்ற மானின் கறியைச் சமைத்துக் கொடுக்கிறான். பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான். ஆனால் மானுக்கு முகமில்லை. அம்பு போன வழியில் அது ஒரு இடம், அவ்வளவே. அந்த மானுக்குக் குட்டி இருந்ததா என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் கேட்கவில்லை. அதைக் கேட்க வைத்ததற்காக ‘பாம்பி’க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இரண்டு பக்கமும் முகமுள்ள கதை இந்தியாவிலேயே இருக்கிறது. அதைப் படமாக்குவதற்குத் துணையாக வந்தவர் ‘பாம்பி’யில் வேலை பார்த்தவர் என்பது நல்ல வேடிக்கை. மிஷனரி பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்த கிளேர் வீக்ஸ், 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் ஓவியர்களுக்குக் கார்ட்டூன் கலை கற்றுக்கொடுத்தார். ஜி.கே. கோகலே முதலியோர் 1957இல் எடுத்த குறும்படம் ‘தி பேன்யன் டீர்’. கதை புத்த ஜாதகம். காசி அரசனுக்கு நாள்தோறும் ஒரு மான் பலி. சினை மானின் முறை வந்தபோது அதற்குப் பதிலாக நிக்ரோதன் என்ற மான்களின் தலைவன் தன் தலையை வைக்கிறான். அரசன் மனம் மாறி எல்லா உயிருக்கும் அபயம் தருகிறான். படம் என்று பார்த்தால் ‘பாம்பி’யின் பக்கத்தில் நிற்காது, கோடு விறைப்பு, அசைவு எளிமை. ஆனாலும் கொல்பவன் திரையில் இருக்கிறான், அவனோடு பேச முடிகிறது.

ஜாதகக் கதையில் அதற்குப் பிறகும் ஒரு பகுதி உண்டு. எனக்கு அதுதான் பெரிது. அபயம் கிடைத்த மான்கள் வயலில் இறங்கிப் பயிரைத் தின்கின்றன. விரட்டக்கூடாது என்பதால் குடியானவர்கள் அரசனிடம் முறையிடுகிறார்கள். அரசன் கொடுத்த வாக்கை மீற மறுக்கிறான். நிக்ரோதன் தன் கூட்டத்தைக் கூப்பிட்டு, பிறர் பயிரில் வாய் வைக்காதீர்கள் என்கிறான். வயலைச் சுற்றி இலையைக் கட்டி அடையாளம் வைத்தால் போதும், வேலி வேண்டாம் என்று ஊராரிடம் சொல்லி அனுப்புகிறான். இரவில் காட்டுப்பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டிவிட்டுப் போக, காலையில் கொத்தோடு நின்று குழியைப் பார்ப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதை உடனே புரியும். மிருகத்தைக் காப்பாற்றினால் யார் பயிர் போகும் என்ற கேள்வி ‘பாம்பி’யின் காட்டில் எழவே எழாது. அங்கே வயலே இல்லையே.

ஆகவே என் தீர்ப்பு: ‘பாம்பி’யைப் பிள்ளைகளோடு பாருங்கள். ஆறு வயதுக்கு மேல் தயங்க வேண்டாம். தாய் சாகும் காட்சியைத் தள்ளி ஓட்டாதீர்கள். அது முடிந்ததும் படத்தை நிறுத்தி, பாட்டு வருவதற்குள் பிள்ளை கேட்க நினைப்பதைக் கேட்கவிடுங்கள். உருவிலும் நிறத்திலும் இதற்கு இணையான விலங்குப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. காட்டைப் பற்றிய படமாக மட்டும் இதைத் தனியாகக் காட்டாதீர்கள். அதே வாரத்தில் ஓரியின் அம்பையும் நிக்ரோதனின் இலைக்கட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுட்டது யார் என்று கேட்டால் “மனுசன்” என்று சொல்லி முடித்துவிடாமல், எந்த மனுசன், எதற்காக என்று திருப்பிக் கேளுங்கள்.