தெருவை அளந்த நூல்

தெருவில் ஓடும் வண்டிகளுக்கும் அங்கு வாழ்வோரின் நட்புக்கும் தொடர்பு உண்டா? ‘லிவபிள் ஸ்ட்ரீட்ஸ்’ (1981) என்ற நூலில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் இதற்கு விடை தேடுகிறார். சான் பிரான்சிஸ்கோ நகரில் மூன்று தெருக்களை அவர் ஒப்பிட்டார். நாள்தோறும் 2,000 வண்டிகள் சென்ற தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள்; 16,000 வண்டிகள் சென்ற தெருவில் 0.9 மட்டுமே!

நட்பையும் எண்ணிக் காட்டியது நூலின் சிறப்பு. ஆயினும், வாசகர்களே, ஒன்றைக் கவனியுங்கள். தெருவுக்கு 12 பேரிடமே கேட்கப்பட்டது. அமைதியான தெருவில் குடும்பங்கள் மிகுதி; நெரிசலான தெருவில் வாடகைக்கு இருப்போர் மிகுதி. அடிக்கடி வீடு மாறுவோருக்கு அண்டை வீட்டார் நண்பராவது அரிதல்லவா? நட்பு குறைந்தது வண்டிகளாலா, குடிமாற்றத்தாலா என்பதை இந்த எண்கள் மட்டும் பிரித்துக் காட்டமாட்டா.

தீர்வு பற்றியும் ஓர் ஐயம் எழுகிறது. பெர்க்லி நகரில் 1975-இல் குடியிருப்புத் தெருக்களில் தடுப்புகள் வைத்தார்கள். வண்டிகள் மறைந்துவிடவில்லை, பெரிய சாலைகளுக்குத் திரும்பின. அங்கும் மக்கள் வாழ்கிறார்களே! ஆகவே தடுப்பு மட்டும் போதாது. காரின்றிச் செல்ல நல்ல நடைபாதை, சைக்கிள் பாதை, நேரம் தவறாத பஸ் ஆகியவையும் வேண்டும்.

1982-இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி ஆசிரியர் உயிரிழந்தார். சாலையை வேகத்தால் மட்டும் அளந்தவர்களுக்கு அவர் வேறோர் அளவுகோலைத் தந்துவிட்டுப் போனார். அதைக் கொண்டு உங்கள் தெருவையும் அளந்து பாருங்கள்.