பாவையும் ஒளியும்

திரைக்கலையின் பல்வேறு கிளைகளுள், பாவைகளைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடிக்கும் ஸ்டொப் மோஷன் என்னும் கலை தனித்தன்மை வாய்ந்தது. திரையில் ஒரு வினாடி ஓடுதற்கு 24 படச்சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு நிலையையும் இருமுறை படம்பிடித்துச் சிக்கனம் செய்யினும், அவ்வொரு வினாடிக்காகக் கலைஞன் பாவையைப் பன்னிருமுறை தொட்டு அசைத்தல் வேண்டும். திரையிற் காணும் அசைவு கமராவின் முன் ஒருபோதும் நிகழ்ந்ததன்று. இரு படங்களுக்கு இடையே, கமராவின் கண் மூடியிருக்கும் வேளையில், கை செய்த தொழிலே காண்போருக்கு உயிராய்த் தோற்றுகின்றது. இக்கலையின் உயிர்நிலை அவ்விடைவெளியே எனலாம்.

ஓடும் படங்களைக் கணினி மென்பொருளின் துணைகொண்டு பொருள்களின் மேற்பரப்பிற்குப் பொருந்துமாறு வீழ்த்தும் புரொஜெக்ஷன் மப்பிங் என்னும் முறை, நாடக மேடையிலும் மாளிகைச் சுவரிலும் பழகிய பின்னர் இப்பாவைக் கலையினுள்ளும் புகுந்துளது. புதியதென்னும் காரணத்தால் இதனைப் போற்றுதலும் எளிது. பொறியென்னும் காரணத்தால் இதனைத் தள்ளுதலும் எளிது. இவ்வொளி கலைஞனின் கைக்குத் துணையாகின்றதா, அன்றி அக்கையின் தொழிலைத் தானே கவர்ந்துகொள்கின்றதா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

பாவைகளுக்கிடையே படத்தை வீழ்த்துதல் இன்று தோன்றிய வழக்கமன்று. 1933ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிங் கொங்' படத்தில் வில்லிஸ் ஓப்ரயன் என்பார், சிற்றுருக் காட்சியமைப்பினுள்ளே சிறு திரையொன்றை நிறுவி, முன்னரே படமாக்கப்பட்ட நடிகரின் உருவங்களை அதன் பின்புறமிருந்து வீழ்த்தினார். பாவைக் குரங்கு ஒருமுறை நகர்த்தப்பட்டதும், திரையிலுள்ள படமும் ஒரு சட்டம் மாத்திரமே முன்சென்றது. அவர்பாற் பயின்ற றே ஹரிஹவுசன் இம்முறையை மேலும் வளர்த்தார். காட்சியின் ஒரு பகுதியைக் கரிய மறைப்பினால் மூடிப் படம்பிடித்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மூடிய பகுதியை மீண்டும் தனியே பதித்தமையால், நடிகருக்கும் பின்னணிக்கும் நடுவே பாவை நிற்பதுபோன்ற தோற்றம் விளைந்தது. 1963ஆம் ஆண்டின் 'ஜேசன் அன்ட் தி ஆர்கனோட்ஸ்' படத்தில் மூன்று வீரரோடு ஏழு எலும்புருவங்கள் வாட்போர் புரியும் காட்சி இம்முறையின் முடிமணியாகும். சில நிமிடங்களே ஓடும் அப்போர் நான்கு மாதத்திற்கும் மேற்பட்ட உழைப்பின் பயனாகும். மறுமுறை படம்பிடிக்கப்பட்ட பின்னணி தெளிவு குன்றித் தோன்றியமை இதன்கட் குறையே. ஆயினும் இவ்விருவரும் ஒரு விதியை மீறினாரல்லர்: கை தன் தொழிலை முடிக்கும்வரை ஒளி காத்து நின்றது.

இன்றைய முறையின் வரலாறு வேறொரு வழியில் வந்ததாகும். 1969ஆம் ஆண்டில் டிஸ்னிலாந்துப் பூங்காவில் திறக்கப்பட்ட பேய் மாளிகையில், அசைவற்ற மார்புருவச் சிலைகளின்மேல் பாடுவோரின் முகப்படங்கள் வீழ்த்தப்பட்டன. 1980ஆம் ஆண்டில் மைக்கேல் நைமார்க் தம் 'டிஸ்பிளேஸ்மென்ற்ஸ்' என்னும் ஆக்கத்தைத் தொடங்கினார். சுழலும் மேடையில் நின்ற கமராவினால் ஓர் இல்லத்தின் அறையையும் அங்கிருந்தோரையும் படமாக்கிய அவர், பின்னர் அறையிலுள்ள பொருள் அனைத்திற்கும் வெண்பூச்சுப் பூசி, அதே இடத்திற் சுழலும் கருவியினால் அப்படத்தை அவற்றின்மேல் வீழ்த்தினார். 2001ஆம் ஆண்டில் ரமேஷ் ராஸ்கரும் அவர்தம் உடனாய்வாளரும் தாஜ்மகாலின் வெண்ணிற மாதிரியுருவின்மேல் கணினி வகுத்த ஒளியைப் பாய்ச்சி, கல்லும் நிறமும் நிழலும் தோன்றச் செய்தனர். இத்தகைய கணிப்பினை இன்று மாட்மாப்பர் போன்ற மென்பொருள்கள் எளிதாக்கியுள்ளன. படத்தின் மூலைகளை இழுத்துப் பொருளின் மூலைகளோடு பொருத்தினால் எஞ்சிய கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

நைமார்க்கின் ஆக்கத்தில் விளைந்ததொன்று இவண் ஊன்றி நோக்கற்பாலது. இடம்பெயராத நாற்காலியும் மேசையும் தம் நிறத்தையும் திரட்சியையும் மீளப் பெற்றன. நடமாடிய மனிதரோ, அவ்வொளியைத் தாங்குதற்கு உடல் அங்கில்லாமையால், ஆவிகள்போல் தட்டையாய்த் தோன்றினர். நிலைத்து நிற்கும் பொருளின்மேல் வீழும்போதே ஒளி உருப்பெறுகின்றது என்னும் உண்மையை இது புலப்படுத்தும். பாவையோ படம்பிடிக்கும் கணத்தில் முற்றாக நிலைத்து நிற்பது. ஆகவே இவ்வொளிமுறைக்குப் பாவைக்கலையினும் ஏற்ற இடம் பிறிதில்லை என்று துணியலாம்.

ஆயின் தடை பொருளில் இல்லை, காலத்தில் உளது. மேடைக்கென எழுந்த மென்பொருள் நேரலையாக ஓடுவது. காண்போரின் காலமே அதன் காலம். பாவைக் கலைஞனோ ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே பத்து நிமிடம் செலவிடுதலும் கூடும். அதற்குள் ஓடும் படம் எங்கோ சென்றுவிடும். ஒரு சட்டத்தைப் பதித்தற்கு ஒரு வினாடி ஒளி வேண்டின், அவ்வொரு வினாடியுள் ஓடிய படங்கள் யாவும் ஒன்றன்மேலொன்று படிந்து குழம்பும். சுழலும் நிறவட்டத்தினாற் செம்மை, பச்சை, நீலம் என்பவற்றை மாறிமாறிக் காட்டும் ஒளிக்கருவிகளுமுள. அவற்றின்முன் பதிவுநேரத்தைக் குறுக்கினால் படத்தில் நிறப்பட்டைகள் தோன்றும். ஆகலின் பதிவுநேரம் நீளல் வேண்டும்; வீழும் படமோ அசையாது நிற்றல் வேண்டும். ஓடும் படத்தைத் தனிச்சட்டங்களாகப் பிரித்து, ஒன்றை நிறுத்திப் பதித்த பின்னரே அடுத்ததை அழைத்தலே தக்க வழி. நேரலை என்பது காட்சியைப் பொருத்திப் பார்க்கும் ஒத்திகைப் பொழுதிற் பெரும்பயன் தரும். படம்பிடிக்கும் பொழுதில் அது துறக்கப்படல் வேண்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓப்ரயன் கைக்கொண்ட விதியே இன்றைய கணினிக்கும் விதியாதல் வியப்பன்று.

இத்துறவினால் எய்தும் பயனும் சிறிதன்று. மாளிகைச் சுவரிற் படம் வீழ்த்துவோர் பல திசைகளில் நிற்கும் ஆயிரம் கண்களுக்கு அமையச் செய்தல் வேண்டும். பாவைப்படத்திற்கோ கமராவின் ஒற்றைக்கண் போதும். அவ்விடத்திலிருந்து சரியெனத் தோன்றுவதே சரி. பின்னர்க் கணினியில் ஒட்டப்படும் தீ, பாவையின் கன்னத்திற் செம்மையைத் தானே படரவிடாது. காட்சியினுள் வீழ்ந்த தீயொளியோ சுவரிற் பட்டுத் தெறித்துப் பாவையின் கண்ணிலும் மின்னும். வானம், ஆறு, சாளரத்து மழை ஆகியன இதற்கு உகந்தன. வீழ்ந்த ஒளியைப் பின்னர்ப் பிரித்தெடுத்தல் இயலாதென்பது மெய்யே. ஒவ்வொரு நிலையையும் ஒளியுடன் ஒருமுறையும் ஒளியின்றி ஒருமுறையும் பதித்துவைப்பது அதற்கு ஓரளவு மாற்றாகும்.

முகத்தின்மேல் ஒளியை வீழ்த்துமிடத்தே இடர் தொடங்குகின்றது. அசையும் தலையைத் தொடர்ந்து ஒவ்வொரு சட்டத்திலும் படத்தை மீளப் பொருத்தும் உழைப்பு ஒருபுறமிருக்க, நடிகரின் முகம் பாவையின் முகத்தை முற்றாக மூடுமிடத்துப் பாவை வெறுந் திரையாகிவிடுகின்றது. பேய் மாளிகையின் சிலைகளுக்கு அது பொருந்தும். அவை பாடுவோரின் முகத்தைத் தாங்குதற்கென்றே அமைந்தவை. கதை மாந்தராய் நடிக்கவந்த பாவைக்கு அது பொருந்தாது. கனடாவின் தேசியத் திரைப்படச் சபையில் 2007ஆம் ஆண்டில் உருவான 'மடாம் ருட்லி புட்லி' என்னும் குறும்படம் இதற்கு நல்லதோர் ஒப்பீடாகும். அதன் பாவைகளுக்கு உயிருள்ள மனிதரின் கண்கள் பொருத்தப்பட்டன. அது ஒளிவீழ்த்தலன்று, கணினியில் இணைத்ததே. ஆயினும் பாவையின் அசைவுக்கு இசையவே நடிகரின் கண்கள் படமாக்கப்பட்டன. கை முன்சென்றது, கண் பின்தொடர்ந்தது. அப்பார்வை காண்போரை உலுக்குவதற்கு இவ்வரிசையே காரணம் எனலாம்.

ஆகவே புதிய கருவி பாவைக்கலைக்குப் பகையுமன்று, தானாகவே நட்புமன்று. எந்நேரமும் ஓடும் ஆற்றல் வாய்ந்த ஒளியை நிறுத்தி, ஒரு விரலின் அசைவுக்காகக் காத்திருக்கச் செய்தல் வேண்டும். அவ்வாறு காத்திருக்கும் ஒளி பாவைக்கு உலகை அளிக்கும். காத்திராத ஒளியோ பாவையைச் சுவராக்கிவிடும்.