உபயதாரர் பெயரும் உரியவர் பெயரும்

ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்தறிவதற்காக ஏற்பட்டதே பெயர். அதனைக் கேட்ட அளவிலே கேட்போர் மனத்தில் ஒரே பொருள் தோன்றுதல் வேண்டும். மோட்டார்ப் பந்தயச் செய்திகளை நோக்குமிடத்து, இவ்வடிப்படை விதி அடிக்கடி பிறழக் காணலாம். பார்முலா 1 பந்தயக் குழுக்களின் பெயரோடு, விளம்பரத்திற்காகப் பணம் தரும் நிறுவனங்களின் பெயர்களும் ஒட்டிக்கொள்கின்றன. செய்தி எழுதுவோர் அவற்றை அப்படியே எழுதுவதா, குழுவின் இயற்பெயரை மட்டும் எழுதுவதா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

1968ஆம் ஆண்டுக்கு முன்னர்ப் பந்தயக் கார்கள் பெரும்பாலும் தத்தம் நாட்டு நிறத்தையே பூண்டிருந்தன. ஆங்கிலேயருக்குப் பச்சை, இத்தாலியருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்காரருக்கு நீலம் என்பது மரபு. அவ்வாண்டில் இங்கிலாந்தின் லோட்டஸ் குழு, கோல்டு லீஃப் என்னும் சிகரெட்டின் நிறங்களை ஏற்று, அதன் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. 1972இல் எமர்சன் ஃபிட்டிபால்டி உலக வெற்றியாளரானபோது, அக்குழுவின் கார் ஜான் பிளேயர் ஸ்பெஷல் என்னும் மற்றொரு சிகரெட்டின் பெயரைத் தாங்கி ஓடியது. எனினும், வெற்றிப் பட்டியலில் காரை உருவாக்கியவர் பெயராக இன்றும் நிற்பது லோட்டஸ் என்பதே.

விளம்பரப் பெயரை விடாது எழுதவேண்டும் என்போர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பணம் தருவோர் இல்லையேல் பந்தயமே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தல் கடமையன்றோ என்பர். நன்றி வேண்டுவதே. ஆயினும், அக்கடன் பணம் பெற்ற குழுவுக்குரியது, செய்தியாளருக்குரியதன்று. கோயில் திருவிழா அழைப்பிதழில் இன்ன நாள் இன்னார் உபயம் என்று அச்சிடுவர். அதனால் அத்திருவிழா உபயதாரரின் பெயரால் வழங்கப்பெறுவதில்லை.

மேலும், உபயப் பெயர் நிலையற்றது. சுவிட்சர்லாந்தின் ஹின்வில் நகரைச் சேர்ந்த சாபர் குழு 2019 முதல் 2023 வரை ஆல்ஃபா ரோமியோ என்ற பெயரில் ஓடியது. காரை உருவாக்கியோர் சாபர் நிறுவனத்தாரே. 2024இல் அக்குழு ஸ்டேக் என்னும் சூதாட்ட நிறுவனத்தின் பெயரை ஏற்றது. அவ்வகை விளம்பரத்தைத் தடுத்த நாடுகளில் அதனை நீக்கிக்கொண்டது. எல்லை கடந்தால் மறையும் பெயர் எங்ஙனம் இயற்பெயராகும்? ஆஸ்டன் மார்ட்டின் என்னும் பெயரும் 2018 முதல் 2020 வரை ரெட் புல் குழுவின் முன்னொட்டாக இருந்து, 2021இல் வேறொரு குழுவின் பெயராயிற்று. ஈராண்டுச் செய்திகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவன் இரண்டும் ஒரே குழுவென மயங்குவான்.

மலேசியாவோடு தொடர்புடைய சான்றும் உண்டு. 2011இல் லோட்டஸ் என்னும் பெயரை இரு குழுக்கள் தாங்கின. ஒன்று, மலேசியரான டோனி ஃபெர்னாண்டஸ் நடத்தியது. மற்றொன்று, அப்போது புரோட்டோனுக்கு உரிமையாயிருந்த லோட்டஸ் கார் நிறுவனத்தின் ஆதரவைப் பெற்ற ரெனோ குழு. வழக்கு இலண்டன் நீதிமன்றம் வரை சென்றது. புள்ளிப் பட்டியலோ முன்னதை லோட்டஸ் எனவும் பின்னதை ரெனோ எனவும் தெளிவாகப் பிரித்தது. ஆனால், பட்டியலும் எப்போதும் போதுமானதன்று. 1997 முதல் 2005 வரை சாபர் கார்களில் பெட்ரோனாஸ் எனக் குறிக்கப்பெற்ற எஞ்சின் ஃபெராரியின் படைப்பு. மலேசிய வாசகர் பெருமிதம் கொள்ளும்போதே இவ்வுண்மையையும் அறிதல் நலம்.

ஆசிரியர் கருதவேண்டிய தீங்கு மற்றொன்று. ஃபெராரி குழுவின் அதிகாரப் பெயரில் மார்ல்பரோ என்னும் சிகரெட்டுப் பெயர் 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை ஒட்டிக்கொண்டிருந்தது. காரின் மீது அச்சொல் எழுதப்படாத ஆண்டுகளிலும் அப்பெயர் நீங்கவில்லை. முழுப்பெயரை எழுதிய ஏடு, காரே சுமக்காத விளம்பரத்தைத் தான் இலவசமாகச் சுமந்தது.

வணிகப் பெயர் யாவும் விலக்கத்தக்கன அல்ல. பானம் விற்கும் ரெட் புல் நிறுவனம் 2004இன் இறுதியில் ஜாகுவார் குழுவையே விலைக்கு வாங்கியது. அங்கு வணிகப் பெயரே உரியவர் பெயருமாகும். விளம்பர ஒப்பந்தமே செய்தியாகும்போது உபயதாரரைக் கூறாதிருத்தலும் குறையே. ஆகவே, பெயர் வணிகஞ் சார்ந்ததா என்பதன்று வினா; உரியவருடையதா என்பதே.

செய்தி எழுதப் பயிற்றும் ஆசிரியர், பந்தயச் செய்தி ஒன்றைத் தந்து உபயப் பெயர்களை நீக்கச் செய்யலாம். நீக்கிய பின்னரும் வென்றவர் யார், காரை உருவாக்கியவர் யார் என்பன விளங்குமாயின், நீக்கப்பெற்றவை செய்தியல்ல, விளம்பரமே என்பதை மாணவர் தாமே உணர்வர்.