தோம்னா சமியு: களப்பதிவும் மேடைக்குரலும்

முன்னுரை

நாட்டுப்புறப் பாடலைக் களத்தில் பதிவுசெய்பவரும் அதனை மேடையில் பாடுபவரும் ஒருவராகவே இருப்பின், அங்கு ஒலிக்கும் குரல் யாருடையது? கிரேக்க நாட்டுப்புறப் பாடகர் தோம்னா சமியுவின் (1928–2012) பணி இவ்வினாவை எழுப்புகின்றது. அவரை 'மரபின் காவலர்' என்று மட்டும் போற்றுவது, அப்பணியின் உள்ளார்ந்த முரணைக் காணவிடாது செய்யும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பின்புலமும் பயிற்சியும்

ஏதென்சு நகரின் கேசரியானி என்னும் அகதிக் குடியிருப்பில் சமியு பிறந்தார். பெற்றோர் சின்ன ஆசியாவில், ஸ்மிர்னாவை அடுத்த பயிந்திர் ஊரினர். 1922ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் கிரேக்கத்திற்கு வந்த தலைமுறையினர். பதின்மூன்றாம் வயதில் சமியு இசையறிஞர் சீமோன் காரசிடம் மாணவியானார். பைசாந்தியத் திருச்சபை இசையையும் நாட்டுப்புற இசையையும் ஒரே தேசிய மரபாகக் கண்டவர் காரசு. எனவே, சமியுவின் குரல் வாய்மொழிச் சூழலில் மட்டும் உருவானதன்று. கோட்பாடு சார்ந்த பயிற்சியும் அதனை உருவாக்கியது.

வானொலியும் மேடையும்

1954 முதல் தேசிய வானொலியில் பணியாற்றிய அவர், 1963 முதல் தம் சொந்த முயற்சியில் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர்தோறும் சென்று பாடல்களைத் திரட்டினார். 1967–1974 காலத்து இராணுவ ஆட்சி, நாட்டுப்புறப் பாடலையும் ஆடலையும் தன் விழாக்களின் அடையாளமாக்கிக் கொண்டது. இளைஞர் பலர் அவற்றை வெறுத்தமைக்கு இது ஒரு காரணம். 1971இல் சமியு வானொலியை விட்டு விலகினார். அவ்வாண்டிலேயே பாடலாசிரியர் தியோனிசிசு சவ்வோபுலோசின் அழைப்பை ஏற்று, ஏதென்சின் 'ரோதியோ' அரங்கில் இளைஞர் முன் பாடினார். அரசு விழாவில் ஆட்சியின் குரலாக ஒலித்த பாடல்வகை, இங்கு வேறொரு தலைமுறையின் உடைமையாயிற்று. பாடலின் பொருளைச் சொற்கள் மட்டுமன்றி நிகழ்த்துகளமும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்று.

தொகுப்பின் நேர்மை

1976–77இல் ஒளிபரப்பான 'இசைப் பயணம்' என்னும் தொலைக்காட்சித் தொடர், பாடல்களை அவற்றைப் பாடும் மக்களோடும் ஊர்களோடும் சேர்த்தே காட்டியது. 1981இல் தம் பெயரிலான நாட்டுப்புற இசைக் கழகத்தை நிறுவிய சமியு, 1994இல் திருவிழாக்காலப் பாலியல் பாடல்களை இசைத்தொகுப்பாக வெளியிட்டார். தூய்மை கருதி இத்தகைய பாடல்களை ஒதுக்கும் தொகுப்பு, மக்களின் மரபை முழுமையாகக் காட்டாது. தொகுப்பாளரின் நாணத்தையே காட்டும். காரசின் தேசிய நோக்கில் பயின்ற மாணவி, அந்நோக்கு எளிதில் ஏற்காத பாடல்களையும் மரபென்று முன்வைத்தது அவரது தனிச் சிறப்பாகும்.

எனினும் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். பல வட்டாரங்களின் பாடல்களை ஒரே பயின்ற குரல் பாடும்போது, வட்டார ஒலிப்பு வேறுபாடுகள் மங்குகின்றன. கேட்போர் நினைவில் நிலைப்பது சமியுவின் குரலே. அவருக்குப் பாடிக் காட்டிய முதியவரின் குரலன்று.

முடிவுரை

சமியு பரப்பியதால் பாடல்கள் வாழ்ந்தன. அப்பரப்பலே அவற்றை மாற்றியும் அமைத்தது. ஆகவே, அவருடைய இசைத்தட்டுகளைக் களத்தரவாகக் கொள்ளாமல் நிகழ்த்துதலாகக் கொண்டு, களப்பதிவுகளுடன் ஒப்பிட்டு ஆராய்வதே முறையாகும். பாடகரின் புகழும் பாடல் தந்தோரின் உரிமையும் ஒருங்கே பேணப்பட அவ்வொப்பீடு இன்றியமையாதது.